மைனி கோத்த வளையல் துண்டுகள்

மைனி,

இன்று காலை என் மருமகள் கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவும்போது கையில் கிடந்த கண்ணாடி வளையல் இரண்டு உடைந்து அடுக்களைத் தரையெல்லாம் சிதறின. அவள் துடைப்பத்தை எடுத்தாள். "தொடாதே!" என்று நான் போட்ட சத்தத்தில், பாவம், துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள். "கால்ல குத்திரும் மாமி, நான் வாரிப் போடுதேன்" என்றாள். முட்டுவலியோடு நானே குனிந்து துண்டு துண்டாகப் பொறுக்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே அவள் என் மகனிடம் ஏதோ குசுகுசுக்கிறாள். கிழவிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும். அவளிடமும் ஒருநாள் சொல்லத்தான் வேண்டும். அதற்கு முன் உங்களிடம் சொல்லிவிடுகிறேன், நீங்கள் போய் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆன பிறகும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு கேரளக் கரையிலுள்ள பொழியூருக்கு வந்தீர்கள். உங்கள் ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், அதுவும் கடற்கரைதான். எனக்கு அப்போது பதினாறு வயது. உங்கள் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் அறுந்த வலையிலிருந்து உருவிய நைலான் நூல், பாசிமணி, பழைய சேலைகளிலிருந்து வெட்டிய கரை, பொத்தான், சோவி. வந்த மறு வாரமே அம்மாவின் மீன் கடவத்தின் விளிம்பைச் சுற்றிச் சிவப்புச் சேலைக்கரை வைத்துத் தைத்துவிட்டீர்கள். அந்த ஓலைக்கூடையைத் தலையில் வைத்துச் சந்தை சந்தையாய் மீன் விற்றவள் அம்மா. "மீன் நாறுத கடவத்துக்கு என்னத்துக்குட்டி மணவாட்டிச் சேலை?" என்று ஏசினாள். அன்று பாறசாலைச் சந்தையில் நாலு பெண்கள் கடவத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். மறுநாள் காலை அம்மா அந்தக் கரையில் ஒட்டிய செதிலைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு உங்கள் கையைப் பிடிக்க முடியவில்லை. டார்ச் லைட்டுக்கு நீல நூலில் பின்னிய சட்டை. விசிறி ஓரத்தில் பாசிமணி. என் குடைக்காம்பில் வெள்ளையும் பச்சையுமாகச் சுற்றிய நூல். மண்ணெண்ணெய் போத்தலின் கழுத்தில்கூட ஒரு குஞ்சம். "தெனமும் கைபடுத சாமான் ஆக்கும் மக்கா. பாத்தா ஒரு சந்தோசம் வேண்டாமா?" என்பீர்கள். அந்த வீட்டில் சந்தோஷம் என்று ஒன்றை எதிர்பார்த்தது நீங்கள் ஒருவர்தான்.

அண்ணனைப் பற்றி நல்லவிதமாக நாலு வரி எழுத எனக்கு மனமில்லை. செத்துப்போனவன் என்பதற்காக மாற்றிச் சொல்லவும் மாட்டேன். மீன் பட்டாலும் குடித்தான், படாவிட்டாலும் குடித்தான். குடித்துவிட்டும் அடித்தான், குடிக்காமலும் அடித்தான். அவன் உங்களை அடித்ததை நான் முதலில் கண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த நல்ல வெயிலில். டார்ச் லைட்டுக்கு நீங்கள் போட்ட சட்டையைப் பார்த்துக் கூட்டாளிகள் சிரித்தார்களாம். உங்கள் முடியைச் சுருட்டிப் பிடித்துக் கதவு நிலையில் இரண்டு தடவை மோதினான். தடுக்க வந்த கையைப் பிடித்து முறுக்கினான். வளையல்கள் ஒவ்வொன்றாக நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. மணிக்கட்டில் கண்ணாடி இறங்கி ரத்தம் முழங்கைவரை வழிந்தது. அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தாள்; கத்தியை நிறுத்தவில்லை. நான் நடைவாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம் எல்லோரும் கரைக்குப் போயிருந்தார்கள். நீங்கள் சுளகில் வளையல் துண்டுகளைக் கொட்டி நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி, ஒரு துண்டை இடுக்கியால் பிடித்துச் சுடரில் காட்டினீர்கள். கண்ணாடி சிவந்து இளகியது. இரண்டு முனையையும் வளைத்து ஒட்ட வைத்ததும் சின்ன வளையம். அதற்குள் அடுத்த துண்டை நுழைத்து அதையும் வளைத்தீர்கள். துணி சுற்றிய கையோடு எவ்வளவு நிதானம்! அப்படி அவன் அடித்த ஒவ்வொரு தடவைக்கும் ஐந்தாறு வளையம் சேர்ந்து, ஒரு வருடத்தில் ஒரு பாகம் நீளத்துக்கு, இரண்டு கையையும் விரித்த அளவுக்குச் சங்கிலி ஆகிவிட்டது. அதை வாசல் நிலையில் தொங்கவிட்டீர்கள். கடல்காற்றில் கிலுங்கும். வீட்டுக்கு வந்த எல்லோரும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

"ஏன் மைனி திரும்பத் திரும்பக் கண்ணாடி வளையலே போடுதிய? பிளாஸ்டிக் போடப்பிடாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கண்ணாடி ஒடஞ்சா அந்தச் சத்தத்தோட அவனுக்கெ கோவம் நிக்கும் மக்கா. அது ஒடயல்லேன்னா கையாக்கும் ஒடியும்" என்றீர்கள், சுடரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இதைக் கேட்ட பிறகும் நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டும். பாறசாலையில் தையல் வகுப்புக்குப் போகும்போது என் பையில் ஒரு சாண் சங்கிலியைத் தொங்கவிட்டிருந்தேன். நீங்கள் தந்ததுதான். கூடப் படித்த பிள்ளைகள் அதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். "செவப்பும் நீலமும் இருக்கு, ஒரு பச்சை இருந்தா எடுப்பா இருக்கும்" என்றாள் ஒருத்தி. அன்று சாயங்காலமே உங்களிடம் வந்து கொஞ்சினேன், பச்சை வேண்டும் என்று. திருவிழாக் கடையில் நான் வாங்கித் தந்த பச்சை வளையல் உங்கள் இரண்டு கையிலும் முழுசாகக் கிடந்தது. கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பச்சை இன்னும் ஒடயல்ல மக்கா. பொறு" என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். அடுத்த வாரம் கறியில் முடி கிடந்தது என்று அவன் உங்கள் கையைத் தரையில் வைத்து மிதித்தான். இரண்டு நாள் கழித்து என் பையில் ஐந்து பச்சை வளையம் தொங்கியது. அதை மாட்டிக்கொண்டு நான் வகுப்புக்குப் போனேன். என்னை எந்தச் சொல்லால் ஏசினாலும் தகும்.

உங்கள் இடது காது போனபோது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஆனி மாதம். கடல் ஏறி வந்து முன்வரிசை வீடுகளின் சுவரை இடித்துக்கொண்டிருந்ததால் ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை. என் அண்ணன் கரையில் கிடந்த துடுப்பை எடுத்துவந்து உங்கள் தலையின் பக்கவாட்டில் அடித்தான். காதிலிருந்து ரத்தம் வந்தது. யாரோ சொல்லி உங்கள் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் அவர் வந்தார், உங்கள் துணிகளை எடுத்துப்போக ஒரு காலிப் பையோடு. நேரே பங்கு அச்சனிடம், எங்கள் கோயில் பாதிரியாரிடம், போய் அவரையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அச்சன் வாயால் ஒரு சொல் சொன்னால் நீங்கள் மானமாகப் போகலாம். சொல்லாவிட்டால் புருசனை விட்டு ஓடியவள் என்ற பேர் வரும். அவர் வீட்டில் கல்யாணமாகாத தங்கை இன்னொருத்தியும் இருந்தாள்.

எங்களில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. எனக்கு ஒரு ஓலை வாசித்தாகிவிட்டது, இரண்டு பாக்கி. அடிதடி, போலீஸ் என்று பேச்சு கிளம்பினால் மாப்பிள்ளை வீட்டார் கழன்றுவிடுவார்கள் என்று அம்மாவுக்குப் பயம். அன்று காலையிலிருந்து அவள் என் பின்னாலேயே நடந்தாள். "ஒனக்கெ ஓலையை ஓர்த்துக்கோ. வேற ஒண்ணையும் நெனைக்காத" என்றாள்.

அண்ணன் சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தான். அச்சன் உள்ளே நுழையும்போது வாசலில் தொங்கிய சங்கிலியைப் பார்த்து நின்றார். "நல்ல கைவேலை. யாரு செய்தது?" என்று கேட்டார். நீங்கள் எழுந்துபோய் அதை ஆணியிலிருந்து கழற்றி, அவர் முன்னால் மேசைமேல் வைத்தீர்கள்.

"நான் செய்ததாக்கும் அச்சோ. இந்தச் செவப்பு, கிறிஸ்மஸுக்கு மறுநாள் ஒடஞ்சது. இந்த நீலம், வலை கிழிஞ்சு வந்த அன்னைக்கு. மஞ்சள் எல்லாம், எனக்கெ அப்பன் செத்து, அடக்கத்துக்குப் போணும்னு நான் கேட்டப்போ." கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தீர்கள். "பச்சை எப்போ ஒடஞ்சதுன்னு இந்தப் பிள்ளைக்குத் தெரியும்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அச்சன் கையமர்த்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு மோளே. அவன் அடிச்சானா?"

"கெணத்தடி எப்பவும் வழுக்கும் அச்சோ" என்றேன். "மைனி விழுந்ததாக்கும். எல்லாத் தடவையும் அப்படித்தான்."

"ஏ பிள்ள, முகத்தைப் பாத்துச் சொல்லு" என்று உங்கள் அண்ணன் எழுந்தார். நான் தலையைத் தூக்கவில்லை. அச்சன் பொறுமை, ஜெபம் என்று இரண்டு வார்த்தை சொல்லி, டீயைக் குடித்துவிட்டுப் போனார். உங்கள் அண்ணன் காலிப் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

அவர் பஸ் ஏறியிருக்கக்கூட மாட்டார். அண்ணன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினான். சங்கிலியைத் தரையில் போட்டு அம்மிக்குழவியால் குத்தினான். பொடியாகும்வரை குத்தினான். பிறகு உங்கள் பக்கம் வந்தான். வாசல் திறந்தே கிடந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அச்சன் பேசித் தீர்த்த காரியத்தில் யார் குறுக்கே வருவார்? உங்கள் கையைப் பிடித்து முறுக்கினான். அன்று உங்கள் கையில் வளையல் இல்லை. ஊருக்குப் போகிறோம், இனி இது எதற்கு என்று காலையிலேயே கழற்றி ஜன்னலில் வைத்திருந்தீர்கள். எலும்பு முறிந்த சத்தம் அடுக்களைவரை கேட்டது. நான் அங்கே என் கல்யாண ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று ஓலையும் வாசித்தார்கள். தடை சொல்ல யாரும் இல்லை. கல்யாணத்தன்று மாவுக்கட்டுப் போட்ட கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு, ஒரே கையால் என் தலையில் பூ வைத்தீர்கள். அந்தப் பிஸ்கட் டின்னை அதன்பிறகு நீங்கள் திறக்கவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். என் மகன் பிறந்த மாதத்தில், ஒருநாள் காலை பத்து மணிக்கு, ஊர் பார்க்க, உடுத்த சேலையோடு நடந்து போய்விட்டீர்கள். ஓடியவள் என்று பேர் வந்தது. உங்கள் அண்ணன் கதவைத் திறந்தார்.

அந்தப் பத்தாண்டு முடியும் முன்பே உங்கள் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறீர்கள் என்று தெரிந்து ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தேன். மதிய நேரம். முகம் வீங்கி, கால்கள் வீங்கிக் கிடந்தீர்கள். இடது காது கேட்காது என்பதால் வலப்பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். என் மகன் பேசுவது, நடப்பது என்று உளறிக்கொண்டே போனேன். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்ன?" என்றீர்கள்.

அம்மாவுக்குப் பயந்து என்று சொல்லியிருக்கலாம். சின்னப் பிள்ளை, தெரியவில்லை என்று அழுதிருக்கலாம். வழி நெடுக அதையெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தேன்.

"ஓலைக்காகத்தான் மைனி. கல்யாணம் நின்னிரும்னு."

தலையை மெல்ல அசைத்தீர்கள். "இஞ்ச வா" என்றீர்கள். தலையைத் தடவுவீர்கள் என்று நினைத்துக் குனிந்தேன். வெட்கம் கெட்டவள், அப்படித்தான் நினைத்தேன்.

அடித்தீர்கள். கோழியைக்கூட ஓங்கி விரட்டாத கை அது. அதில் மிச்சமிருந்த பலம் முழுவதையும் சேர்த்து என் கன்னத்தில் அறைந்தீர்கள். கையில் குத்தியிருந்த ஊசி பிடுங்கிக்கொண்டு வந்தது. ரத்தம் விரிப்பிலும் என் முகத்திலும் தெறித்தது. பிறகு சரிந்து படுத்து, கேட்கும் காதைத் தலையணையில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டீர்கள். "மைனி, மன்னிச்சிருங்க மைனி" என்று கேட்காத காதில் எவ்வளவு நேரம் சொன்னேனோ தெரியாது.

சத்தம் கேட்டு நர்ஸ் ஓடி வந்தாள். என் முகத்து ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "வீணோ சேச்சி?" என்றாள், விழுந்துவிட்டீர்களா என்று.

"இல்ல" என்றேன். "மைனி அடிச்சதாக்கும்."

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்டார். மைனி அடித்தது என்றேன். ஏன் என்றார். ஒன்று விடாமல் சொன்னேன், எந்தக் கல்யாணம் நின்றுவிடும் என்று பொய் சொன்னேனோ அதே கல்யாணத்தில் கிடைத்தவரின் முன்னால் நின்று. பல நாள் அவர் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. அம்மாவும் கேட்டாள். மைனி அடித்தது என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை.

நாலாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். கன்னத்து வீக்கம் அதற்கு முன்பே வடிந்துவிட்டது. இப்போதும் யாரும் இல்லாத நேரத்தில் கன்னத்தில் கையை வைத்து அந்த வலியைத் தேடுகிறேன், மைனி. நீங்கள் எனக்கென்று தந்தது அது ஒன்றுதான், உங்கள் வளையல் எதுவும் உடையாமல்.