கையோடு ஒட்டிய பாகு

மார்ச் 3

என் எறும்புத் தங்கச்சிக்கு,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மாப்பிள்ளை இரும்புக் கம்பியோடு பட்டறைக்குள் வந்தபோது உன் அண்ணன் நான் சர்க்கரை மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். தும்மல் காட்டிக்கொடுத்துவிட்டது. முதல் குத்திலேயே முன்பல் இரண்டும் காலி. பல் டாக்டர் என்றுதான் பேர், மரத்துப்போக மருந்துகூடப் போடவில்லை.

எல்லாம் உன் மகளுக்கு நான் கொடுத்த ஒரே ஒரு ஆரஞ்சு மிட்டாய்க்காக. "பிள்ளைக்கு விஷம் கொடுக்கிறியாடா?" என்று ஜாடிகளை நொறுக்கினார். உங்கள் கல்யாணத்துக்கு அவர் அப்பா இதே விஷத்தைத்தான் மூட்டையாக வாங்கிப்போய் வாரி இறைத்தார். அன்றைக்கு இனித்தது.

கம்பி வளைந்ததும் மேசையில் கிடந்த பாகுக்கட்டியைத் தூக்கி என் மண்டையில் போடப் பார்த்தார். பாகு மேலே ஆறின மாதிரி இருக்கும், உள்ளே நெருப்பு. "தொடாதீங்க" என்று கத்தினேன். பல் இல்லாத வாயில் காற்றுதான் வந்தது. பாகு அவர் கையோடு ஒட்டிக்கொண்டது. தண்ணீர்த் தொட்டியில் அவர் கையை அமுக்கினேன். பாகு உரிந்தது, கூடவே தோலும் வந்தது.

அவர் கை எப்படி இருக்கிறது? ஒரு வரி எழுது.

உன் மிட்டாய்க்கார அண்ணன்

மார்ச் 11

அண்ணனுக்கு,

வலது கை மடங்கவில்லை. இனி பல் பிடுங்க முடியாதாம். அவர் உன்னை அடித்தது தப்பு. ஆனால் பிள்ளைக்குக் கொடுக்காதே என்று எத்தனை முறை சொன்னேன்?

சர்க்கரை வியாதியில் அப்பாவின் காலை வெட்டினார்கள். அப்போதும் நீ அவர் தலையணைக்கடியில் மிட்டாய் வைத்தாய். வெட்டின காலைத் துணியில் சுற்றி வாங்கிப்போனவள் நான்.

போலீசுக்குப் போகிறேன் என்றவரைப் பிடித்து வைத்திருக்கிறேன். அடுப்பை அணைத்துவிட்டு என் வாசற்படி ஏறு. எறும்பு என்று இனி எழுதாதே.

தங்கச்சி

மார்ச் 20

தங்கச்சிக்கு,

பதில் சொல்ல நேரிலேயே வந்தேன். திரையை விலக்கிப் பார்த்தாய், கதவைத் திறக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்னது எல்லாம் நியாயம். உன் பிள்ளைக்கு நான் கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் அடுப்பை அணைக்க மாட்டேன். எனக்குத் தெரிந்தது பாகுப்பதம் ஒன்றுதான். படித்திருந்தால் நானும் யார் பல்லையாவது பிடுங்கிப் பிழைத்திருப்பேன். போலீஸ் வந்தால் வரட்டும், சர்க்கரை போடாமல் டீ கொடுக்கிறேன். உன் வாசலுக்கு இனி வரமாட்டேன்.

உன் வீட்டு நாய் என் கெண்டைக்காலில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். முன்பெல்லாம் அழுகிறவர்களுக்கு அங்கே ஒரு மிட்டாய் கிடைக்கும். இப்போது கிடையாதாம். நர்சம்மா என் புறங்கையில் சிரிக்கிற கரடிப் படம் ஒன்றை ஒட்டிவிட்டார். பஸ் குலுங்கியபோது அது முன்சீட்டு அம்மாவின் கொண்டையில் ஒட்டிக்கொண்டது. அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார்.

அண்ணன்