சாவி கொடுக்கும் வாட்ச்

கண்ணம்மா,

அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார், கவலைப்படாதே. அவருடைய பழைய சுவிஸ் வாட்ச்கூட ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறுகிற விரல்கள், காலையில் அதற்குச் சாவி கொடுக்கும்போது மட்டும் தடுமாறுவதில்லை. திருகு லேசாக இறுகியதும் நிறுத்திவிட்டு, காதில் வைத்துக் கேட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே நானும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இன்று அதைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"இதுக்கு பேட்டரி கிடையாதுங்க. தினமும் சாவி குடுக்கணும். என் வீட்டுக்காரி வந்தா குடுத்துடுறீங்களா?"

"குடுத்துடுறேன்" என்றேன். வேறென்ன சொல்ல?

சந்தோஷப்படுவதா, அழுவதா என்றே தெரியவில்லை. இதை நான் கட்டிக்கொள்ளலாமா, இல்லை அவளுக்காக எடுத்து வைக்க வேண்டுமா? நீயாவது சொல்லேன்.

அம்மா