கறுப்பு ஒஸ்ரின்

1998 நவம்பர் 4, புதன்

காலையிலிருந்து மழை. அரைநாள் லீவு போட்டுவிட்டு கிராண்ட்பாஸ் போனேன். சப்பாத்துக்குள் தண்ணீர். போய் நின்றால் கார் இல்லை.

பழைய சாமான் கடை நானா தலையைச் சொறிகிறார். "அவர் நேத்தே வந்து எடுத்துட்டுப் போன தானே. ஒங்கட கூட்டாளிதானே, ஒங்களுக்குத்தான் எடுக்கிறாரெண்டு நெனச்சேன்."

கூட்டாளியாம். பெனடிக்ற். கொட்டாஞ்சேனையில் அச்சக வேலை. ஒன்பது வருடமாக என்னோடு சேர்ந்து சின்னக் கார் சேர்க்கிறவன். திங்கட்கிழமை நானேதான் போன் எடுத்து இந்தக் காரைப் பற்றி அவனிடம் பீற்றிக்கொண்டேன். என் வாயைத் தைக்க வேண்டும். ரியூப் லைட்டில் பெயின்ட் பார்த்து வாங்குவதில்லை என்பது என் கொள்கை. பகலில் வந்து பார்க்கிறேன் என்று அன்று பின்னேரம் நானாவிடமே விட்டுவிட்டு வந்தேன். அவனுக்குக் கொள்கையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

கறுப்பு ஒஸ்ரின் ஏ-40. யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் மண்ணெண்ணெயில் ஓடுகிற அதே கார், உள்ளங்கை அளவில். நான் பார்த்து வைத்தது:

கையில் கனம், நல்லம்.
கதவு மூடினால் இடைவெளி நூலளவு.
அச்சு நேர். நாலு சில்லும் நிலத்தில்.
அடித்தகட்டில் எழுத்துத் தெளிவு.
விளிம்புகளில் பெயின்ட் தேங்கவில்லை. பிறகு பூசினது இல்லை போல.

இவ்வளவும் பொறுக்கிப் பார்த்தது நான். தூக்கிக்கொண்டு போனது அவன்.

நவம்பர் 5, வியாழன்

மழை இல்லை. புழுக்கம். மண்ணெண்ணெய் வாங்க மறந்து மனைவி ராணியிடம் பேச்சு வாங்கினேன்.

மத்தியானம் பெனடிக்ற் ஒஃபிசுக்குப் போன் எடுத்தான். ஆள் இல்லை என்று சொல்லச் சொன்னேன். இரவுச் சாப்பாட்டில் ராணி சிரிக்கிறாள். "ஒரு விளையாட்டுக் காருக்கு இவ்வளவு கோவமோ?" விளையாட்டுக் கார்! அந்தச் சொல்லை இந்த வீட்டில் சொல்லக் கூடாது என்று எத்தனை தரம் சொல்லியாயிற்று. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன்.

நவம்பர் 6, வெள்ளி

காலை ஏழுக்குக் கதவுத் தட்டல். பொலிஸோ என்று பயந்தே திறந்தேன். பெனடிக்றின் மனைவி ஜெசிந்தா. கையில் பெரிய பிஸ்கட் ரின். அழுது முகம் வீங்கியிருக்கிறது.

"சிவா அண்ணை, நேற்றுப் பின்னேரம் இவரை செக்பொயின்றில பிடிச்சுப் போட்டாங்கள். பொக்கற்றுக்குள்ள அந்தக் கார்க் கணக்கு எழுதிற கொப்பி. உங்களுக்குத்தான் சிங்களம் நல்லா வரும், வந்து சொல்லுங்கோ. காரெல்லாத்தையும் கொண்டு வந்திருக்கிறன், காட்டுவம்."

கொப்பியில் இருந்ததாம்: வெள்ளை வான், பின் கண்ணாடி இல்லை. பச்சை ஜீப், டயர் மாற்ற வேணும். கறுப்பு ஒஸ்ரின், கதவு நல்லம். முப்பத்தொரு வாகனம். குண்டு வைக்கத்தானே, எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். விசரன்! மேலே ஓரிடத்தில் 'விளையாட்டு' என்று எழுதியிருந்தால் என்ன? எப்படி எழுதுவான். என் கொப்பியிலும் இல்லை. சேர்க்கிறவன் எவனும் எழுத மாட்டான், அது எங்களுக்கு மரியாதைக் குறைவு.

ராணி குசினிக்குள் கையைப் பிடித்தாள். "போகாதேங்கோ. உங்கட அடையாள அட்டையும் யாழ்ப்பாணம், உங்களையும் பிடிச்சுப் போடுவாங்கள்." போகாமல் எப்படி?

ஜெசிந்தா முகம் கழுவப் போனாள். ரின்னைத் திறந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, லேஞ்சித் துணியில் சுற்றி, ஒஸ்ரின். எடுத்து அலுமாரிக்குள் சட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். பொலிஸ்காரன் யாராவது பிள்ளைக்கென்று அமுக்கிவிடுவான் என்று நினைத்தேன். பொய். என்னுடையது, பெனடிக்றுக்கு ஏன் என்றுதான் நினைத்தேன். இங்கே எனக்கே ஏன் பொய் எழுத வேண்டும்.

பொலிஸ் ஸ்ரேஷன். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவன் கொப்பியை வாசிக்க, இன்ஸ்பெக்டர் மேசையில் ஒவ்வொன்றாகக் காரை எடுத்து வைத்தார். பத்தாவது காரில் அவருக்கே சிரிப்பு வந்தது. "பிஸ்ஸு மினிஸ்ஸு," பைத்தியக்காரர்களாம். எனக்கு உயிர் வந்தது. முப்பது. ரின் காலி.

"களு கார் எக கோ?"

கறுப்புக் கார் எங்கே. சிரிப்பு நின்றுவிட்டது. மற்றதெல்லாம் கண்கட்டு, அந்த ஒன்றுதான் உண்மை வாகனம் என்று முகத்தில் தெரிந்தது. ஜெசிந்தா மாதாவின் மேல் சத்தியம் பண்ணுகிறாள், நான்தான் வைச்சனான் சேர் என்று. உள்ளேயிருந்து பெனடிக்றைக் கூட்டி வந்தார்கள். ரின்னுக்குள்ளதான் இருந்தது என்றான். கன்னத்தில் ஒரு அறை.

நான் பேசவில்லை. இரண்டாவது அறை. அப்போதுதான் சொன்னேன், என் வீட்டில் இருக்கிறது என்று.

என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். ஒழுங்கை முழுக்க யன்னலில் தலை. அலுமாரி, மெத்தை, அரிசி வாளி எல்லாம் கொட்டினார்கள். என் கார்கள் நிலத்தில். ராணி சுவரோடு ஒட்டி நின்றாள். ஒஸ்ரினை ஒரு கொன்ஸ்டபிள் கையில் பிடித்துக்கொண்டு போனான். என்னை விட்டுவிட்டார்கள். பெனடிக்றை நாளைக்குப் பார்ப்போம் என்றார்கள். அந்த இரண்டாவது அறைக்கும் இந்த ஒரு இரவுக்கும் காரணம் நான். நாய். வேறு சொல் இல்லை.

நவம்பர் 7, சனி

வெயில். பெனடிக்றை ஒரு மணிக்கு விட்டார்கள். தன் வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்தான், ஜெசிந்தாவோடு. இடது கன்னம் வீங்கி ஒரு கண் மூடியிருக்கிறது. ராணி தேத்தண்ணீர் கொடுத்தாள்.

ரின்னைத் திறந்து காட்டினான். வாரி அள்ளிப் போட்டிருக்கிறார்கள். முப்பதிலும் பெயின்ட் உரஞ்சி, கதவு கழன்று, சில்லு வளைந்து. ஒஸ்ரின் மட்டும் தனியாகப் பொக்கற்றில். ஒரு கீறல் இல்லை.

"நல்ல காலம் சிவா, நீர் இதை எடுத்து வைச்சது. அவங்கள் இப்பிடித்தான் செய்வாங்களெண்டு உமக்குத்தான் மூளை ஓடியிருக்கு. எனக்கு ஓடேல்ல."

"ஓம்," என்றேன்.

"நான் செய்ததும் பிழைதான். நீர் பாத்து வைச்ச கார். வியாழக்கிழமை அதைச் சொல்லத்தான் போன் எடுத்தனான். இந்தாரும், நீரே வைச்சிரும்."

ஜெசிந்தா தலையாட்டினாள். ராணி கதவடியில் நின்று என்னையே பார்த்தாள். கையை நீட்டி வாங்கினேன்.