சிரட்டைக் கரியின் துளைகள்

டிரெஸ்டன், ஜெர்மனி
26 மே 2024

அன்புள்ள பத்மஜாவுக்கு,

ஷைனி எழுதுகிறேன். சுகமா என்று கேட்கவே கொஞ்சம் பயமாக இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பேச்சின் நடுவில் நீ போனை வைத்த பிறகு எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டேன். நம் மற்ற மெயில்கள் எல்லாம் இங்கிலீஷில், நம் கைடு சாய்நாத் சாருக்கும் இங்குள்ள பேராசிரியைக்கும் நகலோடு போகின்றன. அதனால்தான் தமிழில் தட்டுகிறேன். இது உனக்கு மட்டும். தாராவி முனிசிபல் பள்ளிக்கூடத்துத் தமிழ்தான், பொறுத்துக்கொள்.

நம் கட்டுரையைப் பார்த்துத்தான் எனக்கு இந்த வேலையே கிடைத்தது. மாட்டுங்கா இட்லிக் கடைகளில் தேங்காய் துருவிப் போட்ட சிரட்டையைக் கரியாக்கி, பொட்டாஷ் காரம் கலந்து சூளையில் சுட்டுக் கழுவினோம். கரி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள், எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. மின்சாரத்தைச் சுமக்கும் அயனி ஒன்று நுழைந்து உட்கார இடம் உண்டு, அதற்குமேல் இல்லை. அதனால்தான் ஒரு சிட்டிகைக் கரியில் அவ்வளவு மின்சாரம் அடங்கியது. பஸ் பிரேக் போடும்போது வீணாகிறதைச் சட்டென்று வாங்கி வைத்துக்கொள்ளும் கெபாசிட்டருக்கு இதுதான் சரியான கரி என்று எழுதினோம்.

இங்கே அது வரவில்லை, பத்மா. சிரட்டையும் நம் ஊரிலிருந்து வந்ததுதான். அதே சூடு, அதே விகிதம். துளைகள் வாயைப் பிளந்துகொண்டு வருகின்றன. கரி பஞ்சாகிவிடுகிறது, கொஞ்சம் மின்சாரத்துக்கே நிறைய இடம் அடைக்கிறது. பேராசிரியை ஹெல்கா என்னைக் கூப்பிட்டு, கரியைச் செய்தது நீங்கள், துளையை அளந்தது யார் என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். அந்த வரைபடம் வேண்டியதைவிட அழகாக இருக்கிறது என்றார். செப்டம்பருக்குள் மறுபடி செய்து காட்டாவிட்டால், கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிப் பத்திரிகைக்கு எழுதப்போகிறாராம்.

அதைத்தான் உன்னிடம் கேட்டேன். எங்கேயாவது கொஞ்சம் சரிபண்ணினாயா என்று. கேட்ட விதம் தப்பாக இருக்கலாம். பதில் போடு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஷைனி


மாட்டுங்கா, மும்பை
8 ஜூன் 2024

ஷைனிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒற்றுப் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

‘சரிபண்ணினாயா’ என்று நாகரிகமாக எழுதியிருக்கிறாய். அன்றைக்குப் போனில் நீ சொன்னது அதுவல்ல. “பத்மா, சச் போல், கிராஃபை அட்ஜஸ்ட் பண்ணுனியா?” என்றாய். தெருவில் பிடிபட்டவனிடம் ‘உண்மையைச் சொல்’ என்று போலீஸ்காரர் கேட்பது போல அந்த ‘சச் போல்’. ஒரே மேஜையில் ஒரே டப்பாவில் சாப்பிட்டு ஆராய்ச்சி செய்தவர்கள் நாம்.

நான் எதையும் மாற்றவில்லை. இயந்திரம் என்ன சொன்னதோ அதைத்தான் வரைந்தேன்.

என் நிலைமையையும் கேட்டுக்கொள். செம்பூர் கல்லூரியில் இன்னும் தற்காலிக வேலைதான். தினமும் குர்லாவில் வண்டி மாறி நெரிசலில் நின்று போகிறேன். நிரந்தர வேலைக்கு ஆகஸ்ட் கடைசியில் இன்டர்வியூ. அவர்களிடம் காட்ட இந்தக் கட்டுரையைத் தவிர என்னிடம் சொல்லிக்கொள்கிற மாதிரி வேறு எதுவும் இல்லை. அதை எழுதியவள் பொய்க்காரி என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும்.

சாய்நாத் சாரிடம் கேட்டுவிட்டேன். சனிக்கிழமைகளில் பழைய லேபில் சூளையும் அளக்கிற இயந்திரமும் தருவதாகச் சொன்னார். கரியையும் நானே செய்கிறேன், நானே அளக்கிறேன். முடிவு வந்ததும் எழுதுகிறேன். அதுவரை போன் வேண்டாம்.

பத்மஜா


டிரெஸ்டன்
15 ஜூன் 2024

அன்புள்ள பத்மா,

நீ திட்டியதெல்லாம் சரி. அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்தது.

நேற்று வீட்டுக்குப் பேசினேன். அம்மாவின் கண் எப்படி இருக்கிறது, யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள் என்று கேட்டேன். “பத்மாப் பிள்ளதாம்ட்டி சயானுக்குக் கூட்டிட்டுப் போச்சு. மருந்து விட்டதும் ஒண்ணும் தெரியலல்லா, எங்கையப் பிடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஒனக்குத் தெரியாதா?” என்றாள். எனக்குத் தெரியாது. நீ என் போனை எடுக்காத அதே வாரத்தில் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். அதை ஒரு வரிகூட எனக்கு எழுதவில்லை.

நம்மைப் பற்றி அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

இங்கே நான் செய்த ஒவ்வொன்றையும் இத்துடன் அனுப்புகிறேன். எவ்வளவு கரிக்கு எவ்வளவு பொட்டாஷ், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று எல்லாம் இருக்கிறது. நீ செய்யும்போது வேண்டியிருக்கும். மழை தொடங்கிவிட்டதாக அம்மா சொன்னாள். தண்டவாளத்தில் தண்ணீர் நின்றால் லேபுக்குப் போகாதே.

ஷைனி


மாட்டுங்கா
6 ஜூலை 2024

ஷைனி,

இந்தக் கடிதத்தை எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

போன வாரம் சூளையில் வைத்ததை இன்று அளந்தேன். இங்கேயும் துளைகள் அகலமாகத்தான் வந்திருக்கின்றன. நீ அங்கே வாங்கிய அதே பஞ்சு. பொட்டாஷ் பாட்டிலைப் புதிதாக உடைத்துத்தான் எடுத்தேன். நீ அனுப்பிய அளவுகளை ஒன்றுக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். சாய்நாத் சாரும் பக்கத்திலேயே நின்றார்.

அப்படியானால் அன்றைக்கு நான் அளந்தது என்ன? இயந்திரத்தின் வாயுக் குழாயில் கசிவு இருந்து நான் கவனிக்காமல் போனேனா? வேறு யாருடைய கரியையாவது நம்முடையது என்று இயந்திரத்தில் வைத்துவிட்டேனா? மத்தியானத்திலிருந்து இதே யோசனை. நான் பொய் எழுதவில்லை, ஷைனி. அது சத்தியம். ஆனால் தப்பாக அளந்திருக்கலாம். அதை இனி மறுக்க எனக்குத் தைரியமில்லை.

சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அம்மா, “என்னடி ஆச்சு, ஆத்துல யாருக்காவது உடம்பு சரியில்லாத மாதிரி மூஞ்சிய வெச்சிண்டிருக்கே?” என்றாள். காலேஜில் வேலை அதிகம் என்று சொல்லி வைத்தேன்.

உன் பேராசிரியையிடம் சொல்லிவிடு. அளந்ததில்தான் பிழை, அளந்தது நான் என்று சொல். உன் வேலையாவது தப்பட்டும். எனக்கு இன்டர்வியூவுக்குப் போகிற எண்ணமே விட்டுப்போயிற்று. கட்டுரை நிற்குமா என்று தெரியாமல் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்கள் முன்னால் எப்படி உட்காருவது?

பத்மஜா


டிரெஸ்டன்
9 ஜூலை 2024

என் பத்மாவுக்கு,

இன்று காலையில் ஹெல்காவின் அறைக்குப் போனேன். மும்பையிலும் அகலமாகத்தான் வந்தது என்றேன். அப்படியானால் அளந்தவருடைய பிழைதானே என்று கேட்டார். நீ சொல்லச் சொன்னது அந்த ஒரு வரிதான். அது என் வாயில் வரவில்லை.

எழுதியது இரண்டு பேர், திரும்பப் பெறுவதானால் இரண்டு பேருடைய பெயரோடும்தான் பெற வேண்டும் என்றேன். பத்மா அளந்து காட்டிய துளைக்கும் கரி வாங்கிய மின்சாரத்துக்கும் பொருத்தம் இருந்தது, மின்சாரத்தை அளந்தவள் நான், ஒருத்தி தப்பானால் மற்றவளும் எப்படி அதே மாதிரி தப்பாவாள் என்றும் கேட்டேன். உங்கள் வேலை ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, தெரியும்தானே என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்காகக் கவலைப்பட்டார் என்று நினைக்கிறேன். தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் இதை உனக்குப் பரிகாரமாகச் செய்யவில்லை. அந்த அறையில் நின்றபோது எனக்கு உறுதியாகத் தெரிந்தது, அவ்வளவுதான். மே மாதம் போனில் கேட்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இன்டர்வியூவுக்குப் போ. இன்னொரு தடவை சூளையில் வை. ஒரு தடவை வந்ததை வைத்து எதையும் முடிவு செய்யாதே. சாப்பிடு.

ஷைனி


மாட்டுங்கா
18 ஆகஸ்ட் 2024

பிரியமுள்ள ஷைனி,

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னித்துவிடு. முழுதாகத் தெரிந்த பிறகு எழுதலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது. நீ முதலில் உட்கார்ந்துகொள்.

ஜூலை முழுக்க இங்கே கொட்டித் தீர்த்துவிட்டது. நடுவில் இரண்டு சனிக்கிழமை வண்டியே ஓடாததால் லேபுக்குப் போக முடியவில்லை. மாதக் கடைசியில் போய் மறுபடி கலந்தேன். அதே சிரட்டைக் கரி, அதே பாட்டில், அதே எடை. அளந்தால் துளைகள் எல்லாம் சின்னது, ஒரே அளவு. நம் பழைய வரைபடத்தின் மேல் வைத்தால் அப்படியே பொருந்துகிறது.

எனக்குச் சந்தோஷமே வரவில்லை, பயம்தான் வந்தது. ஒரே ஆள் ஒரே பொருளை வைத்துச் செய்து இரண்டு விதமாக வந்தால் எதை நம்புவது? சாய்நாத் சார், நடுவில் என்ன மாறியது என்று மட்டும் யோசி என்றார். மேஜையில் இருந்த சாமான் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தேன். பொட்டாஷ் பாட்டிலைத் திறந்தபோது உள்ளே மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தன. எடை போட்ட தாளில் வைத்த கொஞ்ச நேரத்திலேயே நீர் கோத்துக்கொண்டது. லேபில் எல்லோரும் எடுக்கிற பாட்டில், மூடியைச் சரியாக மூடுவதில்லை. மழைக்காலத்துக் காற்றை ஒரு மாதமாகக் குடித்திருக்கிறது.

ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அதில் காரம் எவ்வளவு என்று அளந்தேன். நான் எடை போட்டதில் கணிசமான பங்கு வெறும் தண்ணீர். காரம் குறைவாகப் போனதால் கரியைக் குறைவாக அரித்திருக்கிறது, துளை சின்னதாகவே நின்றுவிட்டது. புதுப் பாட்டிலில் முழுக்கக் காரம், அதனால் அகலமாக அரித்துவிட்டது. உங்கள் ஊரில் பாட்டிலெல்லாம் எப்போதுமே காய்ந்துதான் இருக்கும்.

நாம் அந்தக் கட்டுரைக்குக் கரி செய்தது எந்த மாதம் என்று யோசித்துப் பார். ஆகஸ்ட். உன் துப்பட்டா நாள் முழுக்கக் காயாமல் ஃபேன் அடியில் தொங்கிக்கொண்டிருக்கும். கட்டியாக இருந்த பொட்டாஷை நீ உடைத்து உடைத்து எடை போடுவாய். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

சரிதானா என்று பார்க்க, நேற்று வேறொரு புதுப் பாட்டிலை உடைத்து, தண்ணீருக்கு உண்டான பங்கைக் கழித்துக் குறைவாகப் போட்டு வைத்ததை அளந்தேன். சின்னத் துளைகள் வந்தன. இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டதில் கொஞ்சம் அகலமாக வந்தன. எவ்வளவு துளை வேண்டுமோ அதற்கு எவ்வளவு காரம் என்று இனி நாமே முடிவு செய்யலாம், ஷைனி.

வரைபடம் சரி. கட்டுரையில் தப்பாக இருப்பது பொட்டாஷின் அளவு ஒன்றுதான். அந்தப் பத்தியை எழுதியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

லேபை விட்டு வெளியே வந்து ஸ்டேஷன் வரை மழையில் நனைந்துகொண்டே நடந்தேன். குடை பையிலேயே இருந்தது.

உன்,
பத்மஜா


டிரெஸ்டன்
1 செப்டம்பர் 2024

என் அருமைப் பத்மா,

வந்துவிட்டது. நீ சொன்ன அளவில் போட்டேன், முதல் தடவையிலேயே வந்துவிட்டது. ஒன்றுக்கு மூன்றாக வைத்துப் பார்த்தும் மாறவில்லை. கெபாசிட்டராக்கிப் பார்த்தாயிற்று. நம் பழைய கரி வாங்கிய மின்சாரத்தை இதுவும் வாங்குகிறது.

ஹெல்கா வரைபடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எங்கள் ஊரில் மழை பெய்தாலும் இந்தக் கட்டிடத்துக்குள் வருவதில்லை, அதனால் எனக்குத் தோன்றவே இல்லை என்றார். திரும்பப் பெற வேண்டாம், திருத்தம் ஒன்று போட்டால் போதும். காரத்தில் இருக்கும் தண்ணீரை அளந்து துளையின் அகலத்தை முடிவு செய்வது பற்றிப் புதுக் கட்டுரையும் எழுதலாம் என்கிறார். அதில் உன் பெயர்தான் முதலில். உனக்குத் தனியாக எழுதுவதாகவும் சொன்னார். என் ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கேட்டிருக்கிறார்.

மத்தியானம் லேபுக்குப் போகவில்லை. எல்பா ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை மாதமும் தோளை எப்படி இறுக்கி வைத்திருந்தேன் என்று அது தளர்ந்த பிறகுதான் தெரிந்தது. கொஞ்சம் அழுதேன். பக்கத்தில் இருந்த ஒரு கிழவர் என்னவோ கேட்டார். நல்ல செய்தி என்றேன்.

இன்டர்வியூ என்ன ஆயிற்று? கேட்கவே தைரியமில்லாமல் கடைசியில் கேட்கிறேன்.

உன் ஷைனி


மாட்டுங்கா
14 செப்டம்பர் 2024

பிரியமுள்ள ஷைனிக்கு,

ஹெல்கா அம்மையாரின் கடிதம் வந்தது. சந்தேகப்பட்டதற்கு வருந்துவதாகவும், சந்தேகப்படுவது தன் வேலை என்றும் எழுதியிருக்கிறார். இரண்டும் எனக்குப் பிடித்திருந்தன.

இன்டர்வியூவில் அவர்கள் கேட்கும் முன்பே நான் சொல்லிவிட்டேன். இந்தக் கட்டுரையில் ஓர் எண் தப்பு, ஏன் தப்பானது என்று இந்த மாதம்தான் கண்டுபிடித்தோம் என்றேன். நடுவில் உட்கார்ந்திருந்த அம்மையார், எப்படிக் கண்டுபிடித்தீர்கள், சொல்லுங்கள் என்றார். போர்டில் எழுதிக் காட்டினேன். மற்ற கேள்விகளுக்கு அவர்களுக்கு நேரமே இல்லாமல் போயிற்று. வியாழக்கிழமை ஆர்டர் கைக்கு வந்தது. நிரந்தர வேலை.

அம்மா ஆர்டரைச் சுவாமி படத்தின் கீழே வைத்துவிட்டு, “ஷைனிகிட்ட சொன்னியோ?” என்றுதான் முதலில் கேட்டாள். நாளைக்குத் தாராவிக்குப் போய் உன் அம்மாவிடம் நேரில் சொல்லப்போகிறேன். கண் இப்போது நன்றாகத் தெரிகிறதாம்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். நீ கேட்ட அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை, மறந்துவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் உன் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன். கேட்டபின், எனக்கே என்மேல் நம்பிக்கை போயிருந்த அந்த ஜூலையில், ஒன்றும் கையில் இல்லாமல் அந்த அறைக்குள் போய் நீ சொன்னதை நான் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. பல தடவை யோசித்துப் பார்த்தேன். சொல்லியிருப்பேன் என்று நினைக்கவே ஆசை.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது குளிருக்கு அங்கே போடுகிற நல்ல சாக்ஸ் இரண்டு ஜோடி வாங்கி வா. நிரந்தர ஊழியர்களின் அறையில் ஏசி நடுங்க வைக்கிறது.

என்றும் உன்,
பத்மா