கிலோவுக்கு இரண்டு மிளகாய்

பாப்பாரப்பட்டி
மார்ச் 8

இளம்பரிதி அண்ணனுக்கு,

கலைமணி அக்காவின் வயிற்றைப் புண்ணாக்கியவன் நீ. நலம் விசாரிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்வோம்.

போனில் உன்னைப் பிடிக்க முடியவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறாய். அதனால்தான் கையெழுத்துப் போட்டு வாங்கும் தபாலில் ஐதராபாத்துக்கு அனுப்புகிறேன். வரவில்லை என்று சொல்ல முடியாது.

பொங்கலன்று வடையை மென்றுகொண்டே நீ சொன்னதை நினைத்துப் பார். "மிளகாக் காரம் பழுப்புக் கொழுப்பத் தட்டி எழுப்பும்க்கா. அது எழுந்துச்சுன்னா மிச்சக் கொழுப்ப வெறகாட்டம் எரிச்சிரும்." அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் உன் எலிகளுக்கு எவ்வளவு கொடுப்பாய் என்று கேட்டாள். "கிலோவுக்கு ரெண்டு மிளகான்னு வெச்சுக்கயேன்" என்று சொல்லிவிட்டு நீ பஸ் ஏறிவிட்டாய்.

அவள் வைத்துக்கொண்டாள். பாலக்கோடு மண்டியில் தக்காளி தரம் பிரிக்கிறவள் அவள். பெட்டி நிறுக்கிற மெஷினில் ஏறி நின்றிருக்கிறாள். தொண்ணூற்றிரண்டு கிலோ. "நாலு பெட்டி எடை வருதுக்கா, ஏத்தி உட்டுரலாமா" என்று லோடு ஏற்றுகிறவர்கள் கேட்டார்களாம். அவளும் சேர்ந்து சிரித்தாளாம். கிலோவுக்கு இரண்டு என்றால் நூற்று எண்பத்து நான்கு மிளகாய். ஒரே நாளில் முடியாதென்று வாரத்துக்குப் பங்கிட்டாள். ஒரு நாளைக்கு இருபத்தாறு காய்ந்த மிளகாய், வறுத்துப் பொடித்து வெந்நீரில் கலந்து, வெறும் வயிற்றில்.

ஐந்தாவது வாரம் மண்டியிலேயே ரத்தமாக வாந்தி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் வயிற்றில் புண் என்றார்கள்.

உன் எலிக்கு வாரம் ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்க்கிறாய். அக்காவுக்கு முப்பத்து மூன்று வயதில் முதல்முறையாக ரத்தம் எடுத்துப் பார்த்தது அன்றைக்குத்தான். தைராய்டு இருக்கிறதாம். எத்தனை வருடமாக என்று யாருக்கும் தெரியாது. கால் வீங்குகிறது, முடி கொட்டுகிறது என்று அவள் டாக்டரிடம் போனபோதெல்லாம் "ஒடம்பக் கொறம்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பருத்த பொம்பளை சொல்வதை யார் காதில் வாங்குகிறார்கள்?

நீ குடும்பக் குழுவில் பெருமையாகப் போட்ட உங்கள் ஆராய்ச்சிக் கட்டுரையை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். எலிகளுக்கு நீங்கள் கொடுத்தது மிளகாயே இல்லை, அதிலிருந்து பிரித்தெடுத்த பொருள். எலிக்குப் பழுப்புக் கொழுப்பு நிறைய. வளர்ந்த மனிதருக்கு, அதுவும் பருத்தவர்களுக்கு, அது கொஞ்சம்தான். அவர்களுக்குப் பலன் உண்டா என்பது இன்னும் உறுதியாகவில்லை. கடைசிப் பத்தியில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்தியைப் பொங்கலன்று ஏன் விழுங்கினாய்?

புண்ணுக்கும் தைராய்டுக்கும் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறோம். தொடமாட்டேன் என்கிறாள். மிளகாயையும் விடவில்லை. "டாக்டருக்கு என்னைய வையத்தான் தெரியும். எந்தம்பி இதையே படிக்கறவன். அவன் நிறுத்தச் சொல்லட்டும், நிறுத்தறேன்" என்கிறாள். நான் கட்டுரையைப் படித்துக் காட்டினால், "ஒனக்கு அவன் மேல பொறாமடி" என்கிறாள்.

இன்னொன்றையும் தெரிந்துகொள். அவள் ஏழு கிலோ குறைந்திருக்கிறாள். சோறு உள்ளே தங்காமல் குறைந்தது. ஆனால் அவள் மாமியார் கோவிந்தம்மாள், குழந்தை இல்லாததற்கு இந்த உடம்புதான் காரணம் என்று எட்டு வருடமாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர், போன வாரம் தன் கையாலேயே மிளகாய் வறுத்துக் கொடுத்தாராம். "இப்பத்தாங் கண்ணு பொம்பளையாட்டம் இருக்க" என்றாராம். அதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அது. அதை விட்டுவிடு என்று நான் எப்படிச் சொல்வேன்?

நீ சொன்னால் கேட்பாள். விளக்கமெல்லாம் வேண்டாம். "அன்னைக்கு நான் சொன்னது தப்புக்கா, மனுசருக்கு என்ன ஆகும்னு எனக்கே தெரியாது" என்று சொல். உன் படிப்பு இதனால் குறைந்துவிடாது.

தங்கை,
எழிலரசி


மார்ச் 22

அண்ணனுக்கு,

கடிதத்தை நீ கையெழுத்துப் போட்டு வாங்கியதற்கான ஒப்புகை அட்டை ஐந்து நாளைக்கு முன்பே எனக்கு வந்துவிட்டது. அழகான கையெழுத்து.

அக்கா இப்போது எண்பத்தோரு கிலோ. நேற்று மண்டியில் மயங்கி விழுந்தாள். தூக்கி உட்கார வைத்ததும் முதலில் போனைத்தான் தேடினாள். நீ கூப்பிடுவாய் என்று நான் சொல்லியிருக்கிறேன். கிலோவுக்கு இரண்டை மூன்றாக்கலாமா என்று உன்னைக் கேட்க வேண்டுமாம்.

நீ எங்கிருந்தாலும் நன்றாக இரு. ஆனால் அவள் நம்பருக்கு இன்றைக்கே கூப்பிடு. தெரியாது என்று சொல்.

எழிலரசி