'சரி' என்று தைக்க மாட்டேன்

ஜனவரி 12, திங்கள்

இன்று தையல் கடையில் என்னை எம்பிராய்டரி மிஷினிலிருந்து எழுப்பிவிட்டார்கள். பதினோரு வருஷம் உட்கார்ந்த ஸ்டூல். இனிமேல் பிசிறு நூல் வெட்டுகிற வேலையாம்.

இந்த அரபு ஊர் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் பன்னிரண்டு வெள்ளைக் கோட்டு. பையின் மேல் அரபியில் 'ஜர்ராஹ்' என்று தைக்க வேண்டும். ஆபரேஷன் செய்யும் டாக்டர் என்று அர்த்தம். கடைக்கு ஆர்டர் பிடிக்கும் ஆர்டர்க்காரர் சீட்டில் எழுதித் தந்ததை, பூவைப் பார்த்துப் பூப் போடுவதுபோல அப்படியே தைத்தேன். அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. முதல் எழுத்தில் இருக்க வேண்டிய புள்ளி கடைசி எழுத்துக்குப் போய், 'ஹராஜ்' ஆகிவிட்டதாம். ஹராஜ் என்றால் ஏலம்!

சீட்டில் இருந்ததைத்தான் தைத்தேன் என்றேன். சீட்டைக் காணோம்.

"நான் சரியாத்தான் எழுதினேன். அந்தம்மாவுக்கு எழுத்துக்கும் பூவுக்கும் வித்தியாசம் தெரியுமா?" என்றார் ஆர்டர்க்காரர். கடையைப் பார்த்துக்கொள்ளும் மாஸ்டரும் அவர் பக்கம்.

எனக்கே தெரியாதே, தப்பு யாருடையது என்று! அதுதான் சுடுகிறது.

ஜனவரி 13

கற்றுக்கொள்ளப் போகிறேன். எவர் சிரித்தாலும்.

ஜனவரி 18, ஞாயிறு

பழைய புத்தகக் கடையில் ஒன்றாம் வகுப்பு அரபிப் புத்தகம் கிடைத்தது. அரபிப் புத்தகம் வலப்பக்கத்திலிருந்து தொடங்குமாம்; நான் திறந்தது கடைசிப் பக்கம். வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நாப்பத்தெட்டு வயசுல ஒண்ணாங்கிளாஸா? போன்ல காட்டினா அதுவே படிச்சுச் சொல்லுமே."

"சீட்டை நம்பித்தான் இந்தக் கதி. இனி போனையும் நம்பணுமா?"

ஜனவரி 25

ஒரே எழுத்துக்கு எத்தனை வேஷம்! தனியாக நின்றால் ஓர் உருவம், முதலில் வந்தால் தலை மட்டும், நடுவில் நசுங்கல், கடைசியில் வால். ஆறு எழுத்துகள் மட்டும் அடுத்த எழுத்துக்குக் கையே நீட்டாது. எங்கள் கடையிலும் அப்படிச் சிலர் உண்டு.

பிப்ரவரி 3

'ஹ'விலேயே இரண்டு, அப்புறம் அடித்தொண்டையைச் சுரண்டுகிற 'க' ஒன்று. சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்காரர் தண்ணீர்ச் சொம்போடு ஓடிவந்தார். "தொண்டையில ஏதாவது மாட்டிக்கிச்சா?"

"ஆமாங்க. எழுத்து."

பிப்ரவரி 11, புதன்

சாப்பாட்டு இடைவேளையில் வெட்டுத் துணியில் தையல் சாக்பீஸால் எழுதிப் பழகுகிறேன். இஸ்திரி போடும் பெண்ணுக்குத் தாய்மொழி அரபி. என் எழுத்தைப் பார்த்து முகத்தைச் சுளிப்பாள். உள்ளங்கையால் அழித்துவிட்டு, பக்கத்தில் சரியாக எழுதுவாள்.

இன்று மாஸ்டர் பார்த்துவிட்டார். "இங்க என்ன பள்ளிக்கூடமா நடக்குது? பிசிறு வெட்டறதுக்கு எழுத்து எதுக்கு?"

"வெட்டறதுக்கு வேணாம் மாஸ்டர். நீங்க என்னைத் திட்டினா அது நியாயமான்னு தெரிஞ்சுக்கணும், அதுக்கு வேணும்."

எப்படிச் சொன்னேன்? நானா?

பிப்ரவரி 20

பாடப் புத்தகத்தில் எழுத்துக்கு மேலும் கீழும் சின்னக் கோடுகள் இருந்து, அ-வா இ-யா உ-வா என்று காட்டிக்கொடுக்கும். தெருவில் எந்தப் போர்டிலும் அது கிடையாது. சொல் தெரிந்தால்தான் படிக்க முடியுமாம். அப்புறம் நான் எப்படிப் படிக்கிறது? நோட்டைத் தூக்கி எறிந்தேன். அழுகை.

— எடுத்து வைத்தாயிற்று. நாளைக்கும் எழுதுவேன். போ.

மார்ச் 9

கடைக் கதவில் அரபியில் 'தள்ளு' என்று எழுதியிருக்கிறது. பதினோரு வருஷமாக! படித்துவிட்டுத் தள்ளினேன்.

ஏப்ரல் 8, புதன்



எனக்குப் பதில் மிஷின் போடுகிற பெண்ணுக்குக் காய்ச்சல். என்னை உட்காரச் சொன்னார்கள். ஒரு கிளினிக்குக்கு நாற்பது கோட்டு, எல்லாம் டாக்டர்களுக்கு. சீட்டைப் படித்தேன். மறுபடி படித்தேன். டாக்டருக்கு 'தபீப்'. இதில் இருந்தது 'தய்யிப்'. நடுவில் பல் மாதிரி நிற்கிற ஓர் எழுத்தும் அதன் கீழ்ப் புள்ளியும் குறைகின்றன. இஸ்திரிப் பெண் வாயைத் திறந்தாலே முதலில் விழுகிற சொல் இந்த 'தய்யிப்'. 'சரி' என்று அர்த்தம். நாற்பது டாக்டர் நெஞ்சிலும் 'சரி'!

அவள் இன்று விடுப்பு. சாட்சிக்கு ஆளில்லை.

ஆர்டர்க்காரரிடம் காட்டினேன். "ஏம்மா, இருபது வருஷமா அரபி பேசறேன், எனக்கே நீ சொல்றியா?"

"நல்லாப் பேசறீங்க. எழுதினது தப்பு."

மாஸ்டர் எழுந்து வந்தார். "தைக்கச் சொன்னா தை."

"தைக்க மாட்டேன்."

மிஷினை அணைத்தேன். சீட்டை உள்ளங்கையில் மடித்துப் பிடித்துக்கொண்டேன். இந்த முறை அது காணாமல் போகாது.

"அப்ப வேலையை விட்டுப் போறியா?"

"போறேன். கிளினிக்கில ஒரு வார்த்தை கேட்டுட்டு என்னை அனுப்புங்க."

என் கையிலிருந்தபடியே மாஸ்டர் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார். அரை மணி நேரம் காத்திருந்தோம். பதில் வந்ததும் மாஸ்டர் போனைப் பையில் போட்டுக்கொண்டார். "ஒரு எழுத்து சேத்துத் தைம்மா" என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 9

"அந்தப் பன்னெண்டு கோட்டு?" என்று கேட்டேன்.

"பழைய கதை, விடும்மா."

"உங்களுக்குப் பழசு மாஸ்டர்."

பிசிறுக் கத்திரியை என் மேஜையிலிருந்து மாஸ்டரே எடுத்துப் போனார்.

ஏப்ரல் 27, திங்கள்

ஆர்டர்க்காரர் புதுச் சீட்டைக் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை. நின்றார்.

"பாத்துச் சொல்லுங்கக்கா."

வலமிருந்து இடமாக, அவசரப்படாமல் படித்தேன். இரண்டாம் வரியில் ஒரு புள்ளி அதிகம். விரலால் தொட்டுக் காட்டினேன். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அவரே அடித்தார்.

மிஷினைப் போட்டேன்.