பாட்டிலில் ஒட்டிய என் நம்பர்

ஞாயிறு, இரவு

அப்பா என் போனை வாங்கி வைத்துக்கொண்டார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அது அடித்தது. ஒட்டன்சத்திரத்துக் கடைக்காரர் ஒருவர். "ஏனுங்க, எலுமிச்சை ஊறுகாய் இருக்குங்களா?" ஆண் குரல் அப்பாவின் காதில் விழுந்துவிட்டது.

"தெனமும் எவன்டி உன்கூடப் பேசுறான்?"

ஊறுகாய் பாட்டிலை எடுத்துக் காட்டினேன். ஊறுகாய் போடும் செம்பட்டி மகளிர் குழுவுக்காக, அவர்களுக்கு விற்பனையில் உதவப் போன எங்கள் கல்லூரி அணி அச்சடித்துக் கொடுத்த லேபிளில் என் நம்பர்தான் இருக்கிறது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்புட்டுக் கடையிலயும் எம்மக நம்பரா? நாளைக்கு வேற சிம் வாங்கித் தாரேன். இது என்கிட்ட இருக்கட்டும்."

அணியின் வேலை போன மாதமே முடிந்துவிட்டது. மற்ற நால்வரும் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் மட்டும் அந்தப் பாட்டிலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

லேபிளுக்கு நம்பர் கேட்ட அன்று குழுவின் அக்காக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். செல்வி அக்காதான் வாயைத் திறந்தார். "எங்க நம்பரு வேணாம் தாயி. யாரு பேசுறதுன்னு வீட்டுல கேப்பாக."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று என் நம்பரைக் கொடுத்தேன். பெரிய தைரியசாலி!

தினமும் மதியம் செல்வி அக்கா தன் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டு, வந்த ஆர்டர்களைக் கேட்டுக்கொள்வார். முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றால், அந்த நம்பரும் அப்பாவிடம் இருக்கும் போனுக்குள்தான் இருக்கிறது.

நாளையும் கூப்பிடுவார். அப்பா எடுப்பார்.

"யாரு பேசுறது?" என்று கேட்பார்.